பிள்ளைத்தாச்சிகளின் சோகை தீர்த்த டாக்டரம்மா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரையைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்த மாத்திரையில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று இரும்பு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்று ஃபோலிக் அமிலம். 60 மில்லிகிராம் இரும்போடு வெறும் அரை மில்லிகிராம்தான் இது சேர்க்கப்படுகிறது. இந்த அரை மில்லிகிராம் எப்படி அந்த மாத்திரைக்குள் வந்து சேர்ந்தது என்று கேட்டால், பதில் பம்பாயில் தொடங்கி, நம்ம குன்னூர், சென்னைத் திருவல்லிக்கேணி என்று சுற்றிக்கொண்டு போகும். அந்தத் தேடலை நடத்தியவர் டாக்டர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட பெயர். 2019ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி, அவரது 131ஆவது பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டுப் பெருமை செய்தது. ஆனாலும் அவர் வேலை செய்த நம்ம ஊர்களில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆகவே இந்த மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

பிறப்பும் படிப்பும்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் அறிவியல் படித்தவர். தாயாரின் தந்தை மருத்துவர். ஆக, வீட்டிலேயே அறிவியல் காற்று வீசியது என்று சொல்லலாம். செல்ட்டன்ஹாம் மகளிர் பள்ளியில் படித்துவிட்டு, 1907இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பாடங்கள் தாவரவியலும் நிலவியலும்.

பரீட்சை எழுதித் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. காரணம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. பாடம் கேட்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கேட்கக் கூடாது! அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். இன்று நமது கல்லூரியில் பட்டமளிப்பு விழாவில் வரிசையாக மேடையேறும் தங்கைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு சில ஆண்டுகள் லூசிக்குச் சோதனைக் காலம். 1911இல் தந்தை இறந்தார். 1913இல் சகோதரியும் போய்விட்டார். அந்த ஆண்டில் தாயாரோடு இலங்கைக்கு வந்து உறவினர்களைப் பார்த்துச் சென்றார். 1914இல் தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது முதல் உலகப்போர் வெடித்தது. கேப்டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் செவிலியாகத் தொண்டு செய்தார். அதன் பிறகு அவர் போகிற பாதை மாறிவிட்டது. ஊர் திரும்பியதும் 1915 ஜனவரியில் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்துவிட்டார். 1920இல் டாக்டராகி வெளியே வரும்போது வயது 32. கூடப் படித்தவர்களெல்லாம் வாழ்க்கையில் நிலைபெற்றுவிட்ட வயதில் இவர் அப்போதுதான் தொடங்குகிறார். படிப்பை மாற்றிக்கொண்டால் காலம் வீணாகிவிடுமோ என்று கலங்குகிற தம்பிகளுக்கு இது ஒரு ஆறுதல்.

டாக்டரான பிறகும் அவர் கிளினிக் வைத்துப் பிராக்டீஸ் செய்யவில்லை. தாம் படித்த பள்ளியோடு இணைந்த ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், கர்ப்ப காலத்தில் பெண்களின் உடலில் ஏற்படும் இரசாயன மாற்றங்களை ஆராய்வதில் இறங்கினார்.

பம்பாய் அழைத்தது

அந்தச் சமயத்தில் இந்தியாவில் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது சாதாரண விஷயமாக இருந்தது. பம்பாயில் பஞ்சாலைகளில் கூலி வேலை செய்யும் ஏழைப் பெண்களிடம் ஒரு விதமான கடும் இரத்தசோகை காணப்பட்டது. மசக்கையெல்லாம் தாண்டி, பிள்ளை வளர வளர, தாயின் முகம் வெளுத்துக்கொண்டே போகும். மூச்சு வாங்கும். நடக்க முடியாது. பல பெண்கள் பிரசவத்தைத் தாங்க மாட்டாமல் இறந்துபோவார்கள். தாய்மார் இறப்பு பற்றிய விசாரணை ஒன்றை இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் சார்பில் டாக்டர் மார்கரெட் பால்ஃபர் நடத்திவந்தார். அவர் கூப்பிட்டதன் பேரில்தான் லூசி வில்ஸ் 1928இல் கப்பலேறி பம்பாய் வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவருக்கு வேலை செய்யும் இடமாயிற்று. நாற்பது வயதில் புது நாடு, புது வெயில், புது பாஷை.

அந்தச் சோகையில் ஒரு விசித்திரம் இருந்தது. சாதாரணமாக இரும்புச்சத்து குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இந்தப் பெண்களின் அணுக்களோ பெருத்திருந்தன. எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது. இதைப் போலவே பெருத்த அணுக்கள் காணப்படும் இன்னொரு சோகை மேல்நாடுகளில் இருந்தது. அதைக் கொடுஞ்சோகை என்பார்கள். அதற்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் குணமாகும் என்று 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர் கண்டுபிடித்திருந்தார்கள். பம்பாய்ப் பெண்களுக்கு வந்ததும் அதுதானா, வேறா? இதுதான் கேள்வி.

வில்ஸ் அம்மையார் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மட்டும் இதற்கு விடை தேடவில்லை. பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட இடத்தில் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். எந்தப் பிரிவுப் பெண்களின் சாப்பாட்டில் கீரை, காய், பழம், பால் எல்லாம் மிகக் குறைவோ அவர்களிடமே சோகை மிகுதியாக இருப்பது தெரிந்தது. பம்பாயின் ஏழை முஸ்லிம் குடும்பப் பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். குற்றவாளி வறுமையும், அது பறித்துக்கொண்ட ஏதோ ஒரு சத்தும் என்று அவருக்கு உறைத்தது.

குன்னூர் எலிகளும் ஒரு பேனும்

1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் வேலை செய்தது நம்ம நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில். அங்கேதான் சர் ராபர்ட் மெக்காரிசன் உணவுச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திவந்தார். (அந்தக் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.)

குன்னூரில் வில்ஸ் வெள்ளெலிகளுக்கு பம்பாய் ஏழைப் பெண்கள் சாப்பிடும் அதே சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. சினையாக இருந்த எலிகள் குட்டி போடுவதற்கு முன்பே செத்தன. சாப்பாட்டில் ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் சோகை வராமல் தடுக்க முடிந்தது. அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது என்று வேறு யாராக இருந்தாலும் கட்டுரை எழுதி முடித்திருப்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. அந்த எலிகளிடம் பேன் இருந்தது. பேன் மூலம் எலிகளுக்குப் பரவும் ஒரு கிருமியும் சோகையை உண்டாக்கும். அப்படியானால் எலிகள் வெளுத்ததற்குக் காரணம் சாப்பாடா, கிருமியா, இரண்டுமா? பிரித்துச் சொல்ல முடியாத நிலை. எலிகளை நம்பி முடிவு கட்டுவது சரிப்படாது. பின்னர் குரங்குகளை வைத்து அதே சோதனையைப் புதிதாகச் செய்தார். குறைந்த சத்துள்ள சாப்பாட்டினால் குரங்குகளுக்கும் பெருத்த அணுச் சோகை வந்தது. ஈஸ்டின் சாரம் கொடுத்ததும் அவை தேறின.

இந்த இடத்தை அறிவியல் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். சோகை என்பது ஒரு நோயின் பெயர் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அது பல வழிகளில் வந்து சேரும் ஒரு நிலை. கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சினால் சோகை வரும். மலேரியாக் கிருமி அணுக்களை உடைத்தால் சோகை வரும். சத்துக் குறைந்தாலும் சோகைதான். கிருமியை விலக்கிப் பார்க்காமல் சத்தைக் குறை சொல்வதும் தப்பு, சத்தைப் பார்க்காமல் கிருமியைத் தேடுவதும் தப்பு. எலியிடம் நடந்த இந்தக் குழப்பம் மனுஷியிடம் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு இத்தனை பரிசோதனை வைத்திருக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில்

1931இன் தொடக்கத்தில் வில்ஸ் அம்மையார் சென்னைக்கு வந்தார். அவர் வேலை செய்த இடம் திருவல்லிக்கேணியில் அன்று சாதி, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை என்று அழைக்கப்பட்டது. இன்று கஸ்தூரிபா காந்தி அரசு தாய்சேய் நல மருத்துவமனை. பழைய சென்னைவாசிகள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே இருந்து மடிந்த பெண்களுக்காக 1885இல் டாக்டர் மேரி ஷார்லீப் ஏற்படுத்திய மருத்துவமனை அது. ஷார்லீப் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண்களில் ஒருவர். பிறகு லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவியாகவும், பிற்காலத்தில் ஆசிரியையாகவும் இருந்தவர். ஆக, ஒரே பள்ளியின் மூத்த மாணவி கட்டிய மருத்துவமனையில் இளைய மாணவி வந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். முன்னாள் மாணவர் சங்கம் என்று நாம் கூடுகிறோமே, அந்த உறவு எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மார்மைட் செய்த வேலை

மேல்நாட்டில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஒரு கறுப்புக் குழம்பு உண்டு. பெயர் மார்மைட். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வது. உப்பாக இருக்கும். வாடையும் எல்லாருக்கும் பிடிக்காது. விலை மட்டும் மலிவு. ஈரல் சாரம் வாங்கிக் கொடுக்க வசதியில்லாத நாட்டில் இது பலன் தந்தால் எவ்வளவு நல்லது என்று வில்ஸ் கணக்குப் போட்டார். சோகையால் சாகக் கிடந்த கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புது அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தலைகாட்டின. வெளுத்த முகங்களில் இரத்தம் ஊறியது. 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த முடிவுகளை வெளியிட்டார்.

இதோடு இன்னொரு பெரிய உண்மையையும் அவர் நிலைநாட்டினார். கொடுஞ்சோகையைத் தீர்க்கும் சுத்திகரிக்கப்பட்ட ஈரல் சாரம் இந்தப் பெண்களுக்குப் பலன் தரவில்லை. சுத்தம் செய்யாத ஈரல் சாரமும் ஈஸ்டும்தான் பலன் தந்தன. அப்படியென்றால் சுத்தம் செய்யும்போது வெளியே போய்விடுகிற ஏதோ ஒரு பொருள்தான் இவர்களுக்கு மருந்து. அது என்னவென்று தெரியாததால் உலகம் அதை வில்ஸ் காரணி என்று அவர் பெயராலேயே அழைத்தது.

இலையில் கிடைத்த விடை

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து துளியளவு ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடிய பொருள் இதுவே என்று பிறகு தெளிவாயிற்று. புது அணுக்கள் பிறக்க வேண்டுமானால் பழைய அணு இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கு டி.என்.ஏ. தயாராக வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலிக் அமிலம் இல்லாமல் முடியாது. அது குறைந்தால் அணு பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகும். கர்ப்பத்தில் தாயும் சேயும் சேர்ந்து வளர்வதால் தேவை கூடுகிறது. பம்பாய்ப் பெண்களின் பெருத்த அணுக்களுக்கு விளக்கம் இதுதான்.

கீரையில் கிடைக்கும் துளியை நம்பி ஊருக்கே மருந்து கொடுக்க முடியுமா? ஆய்வுக்கூடத்தில் செய்தாக வேண்டும். அதை 1945 வாக்கில் சாதித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்! கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர். பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண் கண்டறிந்த பொருளை, முழுப் பட்டம் மறுக்கப்பட்ட ஒரு ஆண் உலகத்துக்கு மருந்தாக்கிக் கொடுக்க வழிசெய்தார். 1948இல் 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

பிற்காலம்

வில்ஸ் அம்மையார் 1933இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு முழுநேர வேலைக்குத் திரும்பினார். 1937இல் மறுபடி ஒருமுறை பம்பாய்க்கு வந்து பத்து வாரம் வேலை செய்தார். இந்தத் தடவை கப்பல் இல்லை, தண்ணீரில் இறங்கும் விமானம். வழியில் பல இரவு தங்கித்தான் வந்து சேர முடிந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, ரேஷன் உணவும் இரும்பு மாத்திரையும் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் என்ன மாற்றம் செய்கின்றன என்று ஆராய்ந்தார். 1944 ஜூலையில் அந்த மருத்துவமனை மீதே ஜெர்மானியரின் பறக்கும் குண்டு விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சில நாட்களில் வேலை மீண்டும் நடந்தது. போர் முடிவதற்குள் மருத்துவமனையின் முதல் இரத்தவியல் துறையை அவர் நிறுவியிருந்தார்.

1947இல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய், ஏழைகளின் சாப்பாட்டையும் சோகையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் காலத்தில் லண்டன் செல்சியில் தொழிற்கட்சி சார்பில் நகரமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பனிச்சறுக்கும் தோட்ட வேலையும் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி, 75 வயதில் மறைந்தார்.

அவர் கண்ணால் பார்க்காத ஒரு வெற்றியும் உண்டு. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. அப்படி ஒரு குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், மறுபடி அக்குறை வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று தெரிந்தது. கரு உண்டான நான்கு வாரத்துக்குள் தண்டுவடக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவேதான் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே இந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. பாதிக்கு மேல்! கண்டுபிடித்தாயிற்று, மாத்திரை செய்தாயிற்று, இலவசமாகவும் கொடுக்கிறார்கள். பிறகு ஏன்?

காரணங்கள் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பெண், கர்ப்பத்துக்கு முன்பே சோகையோடுதான் இருக்கிறாள். மாத்திரை போட்டால் குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது என்று பயந்து டப்பாவை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், கெடுதல் இல்லை என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்பதும் பலருக்குத் தெரியாது. கீரையைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலிக் சத்து தண்ணீரோடு போய்விடும்.

பரிசோதனை விஷயத்திலும் அலட்சியம் கூடாது. கர்ப்பம் தெரிந்தவுடன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. அதோடு இரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், எச்.ஐ.வி., மேகப்புண் எனப்படும் சிஃபிலிஸ், மஞ்சள்காமாலை பி வகை ஆகியவற்றுக்கும் பார்ப்பார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அப்படி நினைக்கக் கூடாது. இவை தாயிடமிருந்து சேய்க்குப் போகக்கூடிய நோய்கள். முன்கூட்டித் தெரிந்தால் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. சிஃபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போதும். மஞ்சள்காமாலைக்குக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். நான்காம் மாதத்துக்கு மேல் பூச்சி மாத்திரை கொடுப்பதும் கொக்கிப்புழுவை ஒழிக்கத்தான். மாத்திரை சாப்பிட்டும் சோகை தீரவில்லை என்றால் பி-12 குறைவா என்றும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் பி-12 குறைவால் வந்த சோகை மறைந்துகொள்ளும். நரம்புக் கோளாறு மட்டும் உள்ளே வளரும். காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வில்ஸ் அம்மையார் குன்னூரில் கற்ற பாடம் இன்றைக்கும் செல்லும்.

முன்னாள் மாணவ நண்பர்களே, நம் வீட்டு மருமகளோ, மகளோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ வாயும் வயிறுமாக இருந்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவ மணிகளே, மாணவியரின் ஹீமோகுளோபினைச் சோதிக்க ஆண்டுக்கு ஒரு முகாம் நம் கல்லூரி வளாகத்திலேயே நடத்தலாம். சங்கமும் உதவும் என்று நம்புகிறேன். எங்கோ பிறந்த ஒரு பெண், பெயர்கூடத் தெரியாத பம்பாய்க் கூலிப் பெண்களுக்காகக் கடல் கடந்து வந்து உழைத்தார். நம் வீட்டுப் பெண்களுக்காக நாம் இந்த அளவாவது செய்ய வேண்டாமா?